முன்பின் கேளாத குரல்

“ஒரே ஒரு வாக்கியம் போதும்மா. நடுவர்கள் அதைக் காதால கேட்டுட்டா, நான் மாங்கு மாங்குன்னு எழுதியிருக்கிற ரெண்டு பக்கத்தை யார் படிக்கப் போறாங்க?”

“அப்படின்னா அந்த ரெண்டு பக்கத்தையும் அரைப் பக்கமா வெட்டிடலாமே சார்?”

“பார்த்தியா, என் கத்தியை எடுத்து என்னையே குத்துறே.”

“இத்தனை வருஷமா நாங்க வாங்கின குத்துக்கு இது ஒரு கீறல்தான் சார்.”

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு அவர்தான் நெறியாளர். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘அரைப்பக்கம்’. எதைக் கொண்டுபோய் நீட்டினாலும், “நல்லாத்தான் இருக்கு, அரைப் பக்கமாக் குறைச்சுக் கொண்டா” என்பார். ஒரு மாணவன் தன் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோதுகூட அவர் கை சிவப்புப் பேனாவைத் தேடியது என்று ஆய்வகத்தில் ஒரு கதை உண்டு. அப்படிப்பட்ட மனிதர் அவளுக்காக இரண்டு முழுப் பக்கம் எழுதியிருந்தார். ஒரு வரி வெட்டவில்லை.

செயற்கை நுண்ணறிவில் அந்த ஆண்டு வெளிவந்த ஆய்வேடுகளில் மிகச் சிறந்த ஒன்றுக்குக் கொடுக்கும் விருது அது. மாணவர் தானே விண்ணப்பிக்க முடியாது. நெறியாளர் பரிந்துரைக்க வேண்டும். ஒரு துறையிலிருந்து ஒரே ஒரு ஆய்வேடுதான் போகலாம். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு இணையதளத்தின் கதவு சாத்தப்பட்டுவிடும். விருது கிடைக்காவிட்டாலும், துறையின் தேர்வு என்ற பெயரோடு போனாலே போதும். வேறொரு பல்கலைக்கழகத்தில் அவள் விண்ணப்பித்திருந்த ஆசிரியர் பணிக்கு அடுத்த மாதம் நேர்காணல். அங்கே இருப்பவர்கள் துறைகள் பரிந்துரைத்த ஆய்வேடுகளின் பட்டியல் எப்போது வெளிவரும் என்று இரண்டு முறை விசாரித்துவிட்டார்கள்.

அவள் செய்தது ஒரு கேட்கும் இயந்திரம். பக்கவாதத்தாலோ நரம்பு நோயாலோ நாக்கு தடித்துப்போய், பேச்சு குழறிப்போனவர்கள் சொல்வதைக் கேட்டு எழுத்தாக்கித் தரும். தெளிவாகப் பேசுகிறவர்களைக் கேட்டு எழுதும் இயந்திரங்கள் ஊர்ப்பட்டவை இருக்கின்றன. குழறுகிறவர்களிடம் வந்தால் அவையெல்லாம் கையை விரித்துவிடும். அவளுடையது விரிக்கவில்லை. அதிலும் மிக மோசமாகக் குழறுகிறவர்கள் என்று தனியே பிரித்து வைத்திருந்த சிறு கூட்டத்தில், அது யாரும் எதிர்பாராத அளவுக்குப் புரிந்துகொண்டது. பேராசிரியர் தம் பரிந்துரையில் அடிக்கோடிட்டு எழுதியிருந்த வாக்கியமும் அதுதான்: ‘முன்பின் கேளாத குரலையும் இது புரிந்துகொள்கிறது.’

“நடுவர்களுக்கு அனுப்பச் சோதனைக் குரல்ல ஒண்ணைத் திறப்போம்” என்றார் அவர். “அந்த மோசமான கூட்டத்திலேருந்தே எடு.”

அவள் கை தயங்கியது. சோதனைக் குரல்களை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வேலையின் எழுதாத சட்டம் அது. இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சிக் குரல்கள், அது தேறியதா என்று பார்க்கச் சோதனைக் குரல்கள். ஒன்றில் இருக்கும் ஆள் மற்றதில் இருக்கக் கூடாது. சோதனைக் குரல் என்பது பரீட்சைக் கேள்வித்தாள் மாதிரி, சொல்லிக்கொடுக்கிறவரே அதை எட்டிப் பார்த்துவிட்டால் பிறகு பரீட்சைக்கு என்ன மதிப்பு? பயிற்சிக் குரல்களை அவளே வீடுவீடாகப் போய்ப் பதிவு செய்தாள். சோதனைக் குரல்களைப் பேச்சுப் பயிற்சி மையம் ஒன்றில் வேறு ஆட்கள் பதிவு செய்து, பெயரை நீக்கி, வெறும் எண்ணிட்டு அனுப்பினார்கள். எத்தனை சொல் சரி, எத்தனை சொல் தவறு என்ற விகிதத்தை மட்டும் அவள் பார்த்தாள். அந்தக் குரல்கள் ஒரு பூட்டிய வீட்டின் அறைகளைப்போல அவளுக்குள் இருந்தன. வெளியே நின்று விளக்கு எரிவதைப் பார்த்ததோடு சரி.

“கேட்கலாமா சார்?”

“பட்டமே வாங்கிட்டே. இன்னும் என்ன விரதம்? போடு.”

அவள் ஒன்றைத் தட்டினாள். ஒலிபெருக்கியில் கரகரப்பு. ஒரு மூச்சு. பிறகு, ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு குரல், கொடுத்த வாக்கியத்தை வாசித்தது. திரையில் இயந்திரம் எழுதியது: ‘மாலையில் மழை வரும்போல் இருக்கிறது.’

“அச்சு அசல்!” என்று பேராசிரியர் மேசையைத் தட்டினார்.

வாக்கியம் முடிந்தும் பதிவு முடியவில்லை. மைக்கைப் பிடித்திருந்தவர் ஏதோ தடுமாறியிருக்க வேண்டும், டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அந்தக் குரல் மறுபடி எதையோ சொன்னது. பேராசிரியருக்கு அது வெறும் முனகல். இயந்திரம் மட்டும் சற்றும் யோசிக்காமல் எழுதியது: ‘கிளட்ச்சை மெதுவா விடும்மா.’

“என்னது? கிளட்ச்சா?” பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “வாசிக்கக் கொடுத்த தாள்ல கிளட்ச்சே கிடையாதே! மைக்கைப் பிடிச்ச பொண்ணுக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தர்றாரும்மா மனுஷன்! அதையும் புடிச்சிருச்சு பாரு உன் மெஷின். இதுதான். இதையே அனுப்புறோம். நடுவர்கள் கவுந்துருவாங்க.”

அவள் சிரிக்கவில்லை. திரையில் இருந்த அந்த மூன்று சொற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சா?”

“ஆமா சார்” என்றாள். “நாளைக்குக் காலையில வந்து அனுப்பலாமே. நான் ஒரு தடவை சரிபார்க்கணும்.”

“சரிபாரு. ஆனா மாத்திடாதே.”

அவளுடைய அப்பா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுத்தந்த கை அவருடையது. பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போன பிறகு, வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. வாய் திறந்தால் வெறும் குழறல். அதற்காக அவர் வாயை மூடிக்கொண்டாரா என்றால், அதுதான் இல்லை. மூன்றாம் மாடி வீட்டின் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, கீழே தெருவில் வண்டி நிறுத்தத் திணறும் ஒவ்வொருவருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருப்பார். “கண்ணாடியைப் பாரு! ஒடி, ஒடி! நேராக்கு!” ஒருத்தரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. “வாய் போனாலும் ஹாரன் போகலை இவருக்கு” என்பாள் அம்மா.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோதும் அவர் ஜன்னலில்தான் இருந்தார். அவர் பேசுவது வெளியாருக்கு எப்படிக் கேட்கும் என்பது வேறு. அவள் காதில் எல்லாம் தெளிவாகவே விழும். பள்ளிக்கூடம் போகும் வயதில் கேட்ட அதே குரல், இப்போது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல, அவ்வளவுதான்.

“வந்துட்டியா பாப்பா? அந்த நீல வண்டியைப் பாரு. சந்தைக்கு வந்த மாடு மாதிரி குறுக்கே நிறுத்தியிருக்கான்.”

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். “அப்பா, பேச்சுப் பயிற்சிக்குப் போவீங்களே, அந்த மையத்துல உங்க குரலைப் பதிவு பண்ணாங்களா?”

அவர் முகத்தின் இடது பாதி மெல்ல மலர்ந்தது. வலது பாதி வழக்கம்போல் பின்தங்கி வந்து சேர்ந்தது.

“கண்டுபிடிச்சிட்டியா!” என்றார். “ஏ, இங்க வா, கண்டுபிடிச்சிட்டா!”

அடுக்களையிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “சொல்லிட்டாரா? வருஷக்கணக்கா வாயைக் கட்டி வெச்சிருந்தேன் இந்த மனுஷனுக்கு. பரிசு வந்த அன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தோம்.”

“ஏம்மா? எதுக்கு?”

“என்னடி எதுக்கு? நீதானே போன்ல உன் சிநேகிதிகிட்ட அழுதே, ரொம்பக் குழறுற ஆளுங்க யாரும் மாட்டேங்கிறாங்க, ஆள் பத்தலை, ஆய்வே நின்னுடும்னு. இவர் இந்த ஜன்னல்ல உட்கார்ந்து கேட்டுட்டே இருந்தார். அடுத்த வாரம் மையத்துக்கு நான் கூட வரேன்னேன். வேண்டாம்னுட்டு ஒண்டியா பஸ் ஏறிப் போனார். அந்தக் கோலத்துல!”

“யாரு கிட்டயும் உன் பேரைச் சொல்லலை” என்றார் அப்பா. “நான்தான் குழறுறதுல முதல் மார்க்குன்னாங்க. சொன்னது எல்லாத்தையும் படிச்சேன். அந்தப் பொண்ணுதான் மைக்கைச் சரியாப் பிடிக்கலை.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வீட்டில் அவரைப் பயிற்சிக்காகப் பதிவு செய்ததே அவள்தான். பல மாதங்கள், ஞாயிறு காலைகளில், இதே ஜன்னலோரம். ஏதாவது பேசுங்கள் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கியர், கிளட்ச், வளைவில் வேகம் குறைப்பது. இயந்திரம் அவரைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தது. பிறகு பரீட்சை அறையில் அதே மனிதர் வேறொரு எண்ணை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். அடையாளம் தெரியாமல் போகுமா? பாடம் நடத்தியவரே கேள்வித்தாளாகவும் வந்து உட்கார்ந்த கதை.

“அப்பா” என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஒரே ஆள் ரெண்டு தடவை ஓட்டுப் போட்டா அதுக்கு என்ன பேரு?”

அவர் அவளைப் பார்த்தார். அவர் யோசிக்கும்போது இடது கை தானாக ஒரு கியரைத் தேடும். அது நாற்காலியின் கைப்பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“கள்ள ஓட்டு” என்றார்.

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. “ஐயய்யோ! பரிசு போயிருமா?”

“தெரியலைம்மா.”

“ஒருத்தரால என்னடி ஆயிடும்? அத்தனை பேர் இருக்காங்க இல்ல?”

“அந்த மோசமான கூட்டத்துல மொத்தமே நாலஞ்சு பேர்தாம்மா. அதுல அப்பா ஒருத்தர். அந்தக் கூட்டத்தை வெச்சுத்தான் சார் ரெண்டு பக்கம் எழுதியிருக்கார்.”

அதற்குப் பிறகு வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா பாதி சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தினார். வேறு நாளாக இருந்தால் அம்மா விட்டிருக்க மாட்டாள். கீழே தெருவில் யாரோ சக்கரம் அலற வண்டியைத் திருப்பினார்கள். அவர் தலையைத் திருப்பவில்லை.

அவள் மடிக்கணினியைத் திறந்து, பல்கலைக்கழகத்துக் கணினியோடு இணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. சோதனையிலிருந்து அவரை நீக்கிவிடுவது ஒன்று. அது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். செய்தும் பார்த்தாள். விகிதம் சற்றே இறங்கியது. தலைகுனிய வேண்டிய இறக்கமில்லை. மீதமிருந்தவர்கள் அவரைவிடத் தெளிவாகப் பேசுகிறவர்கள். பேராசிரியரின் இரண்டு பக்கத்தில் ஒரு எண்ணை மாற்றினால் போதும், அடிக்கோடிட்ட வாக்கியம் அப்படியே நிற்கும். அவளுக்கு மூச்சு வந்தது.

“என்ன பண்றே?” என்று அப்பா பின்னால் நின்றார். ஊன்றுகோல் சத்தம்கூடக் கேட்கவில்லை.

“உங்களைச் சோதனையிலேருந்து எடுத்துட்டேம்பா. அவ்வளவுதான், சரியாப் போச்சு.”

“எந்த என்னை?”

“என்ன?”

“ரெண்டு பேர் இருக்கேன்ல” என்றார். “வீட்டுல உன்கிட்டப் பேசினவன் ஒருத்தன். பஸ் ஏறிப் போனவன் ஒருத்தன். எவனை எடுத்தே?”

“பஸ் ஏறிப் போனவரை.”

அவர் உதட்டைச் சுழித்தார். குழந்தைக்குக் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கினால் வரும் முகம். “அவனை விட்டுடு” என்றார். “வேணும்னா வீட்டுக்காரனைத் தூக்கு. அவன் சும்மா உட்கார்ந்து பேசினவன்தானே. மத்தவன் படியெல்லாம் ஏறி இறங்கிப் போனான்.”

அவர் போய்ப் படுத்துக்கொண்டார். நீதி நியாயம் என்று அவர் எதுவும் சொல்லவில்லை. நோய்க்குப் பிறகு தன்னந்தனியாக ஊரைக் கடந்து போய் ஒரு காரியத்தை முடித்துவிட்டு வந்த ஒரே நாளை அழித்துவிடாதே என்றுதான் கேட்டார். ஆனால் அவள் கை விசைப்பலகைமேல் நின்றுவிட்டது. அவர் சொன்னதுதான் இரண்டாவது வழி. வீட்டுக் குரலை நீக்கிவிட்டு, இயந்திரத்துக்கு முதலிலிருந்து பாடம் நடத்த வேண்டும். அதன்பின் அப்பா அதற்கு முழு அந்நியர். முன்பின் கேளாத குரல். அடிக்கோடிட்ட வாக்கியம் உண்மையா என்று அப்போதுதானே தெரியும்?

தெரியாமலே இருந்துவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. அவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள், யாருமில்லாத ஒரு பேருந்தின் முன் இருக்கையில் அப்பா உட்கார்ந்து ஓட்டுநரின் கால்களையே கவனித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்து, அப்பாவைச் சோதனையில் திரும்பச் சேர்த்து, வீட்டுக் குரலை நீக்கி, பயிற்சியைத் தொடங்கும் கட்டளையைத் தட்டினாள். பிறகு போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் ஆய்வகத்தில் அவளுக்கு முன்னால் வந்திருந்தது ‘சுடுதண்ணி’ என்று மாணவர்கள் கூப்பிடும் தோழி. அவள் பிளாஸ்க்கும் கையுமாகவே திரிவாள், அதனால் அந்தப் பெயர். இருவரும் ஒரே நெறியாளரிடம் சேர்ந்தவர்கள், ஒரே ஆண்டில் பட்டம் வாங்கியவர்கள். துறையின் ஒற்றை இடத்துக்கு இவளுடைய ஆய்வேடு இல்லையென்றால் அவளுடையதுதான். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இயந்திரங்களுக்குக் கற்றுத்தருவதுதான் சுடுதண்ணியின் ஆய்வு. “நானூறு பக்கம் எழுதி ‘எனக்குத் தெரியாது’ன்னு முடிச்சிருக்கேன். இதுக்கு எவன்டி விருது தருவான்?” என்று அவளே கேலி செய்துகொள்வாள்.

“முகம் ஏன் சப்பாத்தி மாவு மாதிரி இருக்கு? அனுப்பியாச்சா?”

அவள் சொன்னாள். மையம், மைக், கிளட்ச், கள்ள ஓட்டு, எல்லாம். சுடுதண்ணி மூடியில் ஊற்றிய தண்ணீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“என்கிட்ட ஏன்டி வந்து சொல்றே?” என்றாள் கடைசியில். “போய்ச் சார்கிட்டச் சொல்லுன்னா, இவளுக்குப் பொறாமைன்னு ஆகும். சொல்லாதேன்னா, நாளைக்கு எனக்கே தூக்கம் வராது. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குத்தான் சுடுது.”

“உன்கிட்டச் சொல்லாம வேற யார்கிட்டச் சொல்ல?”

“அதுவும் சரிதான்.” ஒரு மிடறு குடித்தாள். “ராத்திரி ஓடினது முடிஞ்சுதா?”

“இன்னும் பார்க்கலை. பயமா இருக்கு.”

“தள்ளு.”

இருவரும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்தார்கள். மற்ற கூட்டங்களில் இயந்திரம் முன்போலவே நன்றாகக் கேட்டது. மோசமான கூட்டத்தின் விகிதம் மட்டும் மாடிப்படியில் கால் தவறியதுபோல் விழுந்திருந்தது. பழைய இயந்திரங்களைவிட ஒரு சாண் மேலே, அவ்வளவுதான். அவள் அந்தப் பதிவை மீண்டும் ஓடவிட்டாள். மழை வாக்கியத்தில் மழை மட்டும் தப்பிப் பிழைத்தது. கிளட்ச் வந்த இடத்தில், நான்கு ஊரிலிருந்து வந்து ஒரே நிறுத்தத்தில் இறங்கியவர்களைப்போல, ஒன்றோடொன்று பேசாத நான்கு சொற்கள் நின்றன.

“அப்பாவைத் தெரியலை” என்றாள் அவள். குரல் உடைந்தது.

சுடுதண்ணி அவள் முதுகில் கை வைத்தாள். “எனக்கும்தான் உங்க அப்பா பேசுறது புரியாது. எத்தனை தடவை வந்திருக்கேன்? அவர் என்ன சொன்னாலும் ‘ஆமாங்க அப்பா’ன்னு தலையாட்டிட்டு வருவேன். ஒரு தடவை என் செருப்பு நல்லா இல்லைன்னாராம், அதுக்கும் ஆமாங்கன்னேன்.”

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். இயந்திரத்துக்கு அவரை முதலில் தெரிந்திருந்தது. பிறகு தெரியவில்லை. நடுவில் என்ன போயிற்று? அந்த ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அப்படியென்றால் எத்தனை ஞாயிறு வேண்டும்? அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“முதல்லேருந்து வேண்டாம், இதுமேலயே வீட்டுக் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிச் சேர்த்துப் பார்த்தா?” என்றாள்.

சுடுதண்ணி எழுந்து நாற்காலியை முழுவதுமாக அவளுக்கு விட்டாள். “நான் போய்ச் சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வரேன்.”

பேராசிரியரின் அறைக்கு அவள் போனபோது மாலை நான்கு மணி தாண்டிவிட்டது. அவர் காலையிலிருந்து மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டார். திரையில் அவளுடைய பரிந்துரை, அனுப்புவதற்குத் தயாராக. மேசையில் சுடுதண்ணிக்காக எழுதிய பரிந்துரையும் கிடந்தது. துறைக்குழு கேட்டால் காட்ட எழுதி வைத்தது, சரியாக அரைப் பக்கம்.

“எங்கம்மா போனே? இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.”

அவள் நின்றபடியே சொல்லி முடித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“அந்தப் பொண்ணுக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தந்தது உங்க அப்பாவா?”

“ஆமா சார்.”

“நான் நேத்து அப்படிச் சிரிச்சேனே.” அவர் முகத்தில் வெட்கம் தெரிந்தது. “தப்பா எடுத்துக்காதேம்மா.”

“அவர் கேட்டிருந்தா அவரும் சிரிச்சிருப்பார் சார்.”

“சரி. யார்மேலயும் தப்பில்லை. பேரை மறைச்சு எண் கொடுக்கிறது நாமளா வெச்ச வழக்கம். சோதனைக் குரலைக் கேட்கக் கூடாதுன்னு சொன்னது நான். ரெண்டும் நல்லதுக்குத்தான், ரெண்டும் சேர்ந்து கண்ணைக் கட்டிடுச்சு.” அவர் முன்னால் சாய்ந்தார். “இப்போ ஒண்ணு கேளு. அவரைச் சோதனையிலேருந்து எடுத்தாப் போச்சு. அது ஏமாத்து இல்லை, முறைதான். நாளைக்கு யார் கேட்டாலும் பதில் சொல்லலாம். எண்ணை மாத்தி இப்பவே அனுப்புறேன். நீயும் அதை ஓட்டிப் பார்த்திருப்பியே?”

“பார்த்தேன் சார். கொஞ்சம்தான் இறங்குது.”

“அப்புறம் என்ன?”

“வகுப்புல கஷ்டப்படுற பையனை வெளியே அனுப்பிட்டு, எங்க வகுப்புல எல்லாரும் பாஸுன்னு சொல்ற மாதிரி இருக்கு சார்.”

அவள் இரவு ஓட்டிய சோதனையின் முடிவை அவர் முன் வைத்தாள். அவர் அதைப் படித்தார். அடிக்கோடிட்ட வாக்கியத்தைத் திரையில் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். அவருடைய மாணவர் யாருக்கும் அந்த விருது இதுவரை கிடைத்ததில்லை. அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அந்த இரண்டு பக்கத்தை எழுத அவர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டது அவளுக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அப்போ சுடுதண்ணியோடதை அனுப்பச் சொல்றியா?” என்றார் மெல்ல. செல்லப்பெயர்கள் அவருக்கும் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

“அனுப்பினா சந்தோஷம்தான் சார். நிஜமாவே.” அவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். “ஆனா எனக்கு அந்த இடம் வேணாம்னு சொல்ல வரலை. வேணும். ரொம்ப வேணும்.”

அவள் கையில் இன்னொரு தாள் இருந்தது. மத்தியானத்திலிருந்து சுடுதண்ணி பிரித்துக் கொடுத்ததைச் சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதியது. வீட்டுக் குரலைச் சிறிது சிறிதாகச் சேர்க்கச் சேர்க்க, இயந்திரம் அவரைத் திரும்பக் கண்டுகொண்டது. முதலில் மழை வாக்கியம் நிமிர்ந்தது. பிறகு கிளட்ச் வந்தது. ஒரு காலைப்பொழுது அவரோடு உட்கார்ந்து கேட்டால் போதும், அதற்கு அவர் பேச்சு புரிகிறது. முன்பின் தெரியாதவரைப் புரிந்துகொள்ளும் இயந்திரத்தை அவள் செய்யவில்லை. கூட உட்கார்ந்தால் புரிந்துகொள்ளும் இயந்திரத்தைச் செய்திருக்கிறாள். அது பெரிதா சிறிதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நடந்த தவறு முதல் பத்தியில் இருந்தது, யாருடைய குரல் என்பது உட்பட. எல்லாம் சேர்த்து அரைப் பக்கம்.

அவர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். கை வழக்கம்போல் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தது. ஆனால் பேனாவின் மூடி கழலவில்லை. வெளியே நடைபாதையில் பிளாஸ்க்கின் மூடியை யாரோ திருகும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

“சார்” என்றாள் அவள். “அந்த ரெண்டு பக்கத்தை விட்டுடுங்க. இதை, இப்படியே, எதையும் வெட்டாம, என் பேருக்கு உங்க கையெழுத்தோட அனுப்புவீங்களா?”